வாசகர் கையிலும் ஒரு கணிப்பான்

பத்திரிகையில் ஓர் எழுத்துப்பிழை வந்துவிட்டால் மறுநாட் காலையிலேயே தொலைபேசி ஒலிக்கும். ‘ர’ வர வேண்டிய இடத்தில் ‘ற’ வந்ததைச் சுட்டிக்காட்டுவதற்கென்றே விடிந்ததும் பத்திரிகையை விரிக்கும் தமிழாசிரியர்கள் எங்கள் ஊர்களில் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். ஆனால் முதற்பக்கச் செய்தியில் ஒரு பூச்சியம் கூடிப்போனாலோ, ஒரு சதவீதம் தலைகீழாகிப்போனாலோ அந்தத் தொலைபேசி பெரும்பாலும் ஒலிப்பதில்லை. எண்ணைக் கண்டதும் வாசகரின் கண் அதைத் தாண்டி அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. எழுதியவரின் கண்ணும் அப்படித்தான் தாண்டியிருக்கும் என்பதே இதிலுள்ள வில்லங்கம்.

இது தமிழ்ப் பத்திரிகைகளுக்கு மாத்திரம் உரிய நோயன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் எம்.எஸ்.என்.பி.சி. தொலைக்காட்சியில் நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஜனாதிபதி வேட்பாளராவதற்கு முயன்று தோற்ற கோடீஸ்வரர் மைக்கேல் புளூம்பேர்க், விளம்பரத்துக்கு 500 மில்லியன் டொலர் செலவிட்டார். அமெரிக்காவின் சனத்தொகை 327 மில்லியன். அந்தப் பணத்தை மக்களுக்குப் பகிர்ந்திருந்தால் ஆளுக்கு ஒரு மில்லியன் டொலர் கொடுத்துவிட்டு மிச்சமும் வைத்திருக்கலாம் என்று யாரோ ஒருவர் சமூக ஊடகத்தில் எழுதியிருந்தார். அந்தக் குறிப்பைத் திரையிலே பெரிதாகக் காட்டினார்கள். நிகழ்ச்சியை நடத்தியவர் பிரையன் வில்லியம்ஸ், பல்லாண்டு அனுபவமுள்ள செய்தியாளர். உடனிருந்தவர் நியூயோர்க் ரைம்ஸ் ஆசிரியபீடத்தைச் சேர்ந்தவர். இருவரும் அந்தக் கணக்கை அப்படியே ஏற்று வியந்தார்கள். உண்மையில் ஆளுக்குக் கிடைத்திருக்கக்கூடியது 1 டொலர் 53 சதம். அதே நிகழ்ச்சியிலேயே திருத்தமும் சொல்லப்பட்டது. என்றாலும், அந்தக் குறிப்பு திரைக்கு வரும்வரை எத்தனை பேருடைய கைகளைக் கடந்து வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவராவது 500ஐ 327ஆல் வகுத்துப் பார்க்கவில்லை.

பழைய ஈய எழுத்துக் காலத்தில் எங்களிடையே ஓர் ஒப்புநோக்காளர் இருந்தார். அவருடைய வேலை மூலப் பிரதிக்கும் அச்சுப் பிரதிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது மாத்திரமே. ஆனால் தேர்தல் முடிவுகள் வரும் இரவுகளில் அவர் யாரும் கேட்காத இன்னொரு வேலையும் செய்வார். ஒவ்வொரு தொகுதிக்கும் கட்சிகள் பெற்ற வாக்குகளைப் பென்சிலால் கூட்டி, நிராகரிக்கப்பட்டவற்றையும் சேர்த்து, அளிக்கப்பட்ட மொத்த வாக்குகளுடன் பொருந்துகிறதா என்று பார்ப்பார். பொருந்தாவிட்டால் பக்கத்தைக் கீழே அனுப்ப மாட்டார். தொலைபேசியில் எண்களைக் கேட்டு எழுதிய காலம் அது; ‘ஏழு’ என்பது ‘ஆறு’ என்று காதில் விழுந்துவிடும். அந்தக் கூட்டல் பல இரவுகளில் பத்திரிகையின் மானத்தைக் காப்பாற்றியது. ஆனால் அந்தப் பென்சில் கணக்கு எழுதப்பட்ட கடதாசி விடிவதற்குள் குப்பைக் கூடைக்குப் போய்விடும். வாசகருக்குக் கிடைப்பது முடிந்த முடிபாகிய எண் ஒன்றுதான். அது எப்படி வந்தது என்று கேட்பதற்கு அவருக்கு வழியில்லை.

இணையத்திலே எழுதுவோருக்கு அந்த வழியைத் திறந்துவிடும் வசதி வெகுகாலமாகவே இருக்கிறது. பிரெண்டன் ஐக் என்பவர் 1995இல் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி வந்த நாளிலிருந்து, கட்டுரையின் நடுவே சில பெட்டிகளை வைத்து, வாசகர் அவற்றில் தம்முடைய எண்ணை இட்டால் விடை மாறும்படி செய்வது கடினமான காரியமன்று. வங்கிகள் இதை உடனே பிடித்துக்கொண்டன. கடன் தவணைக் கணிப்பான் இல்லாத வங்கித் தளத்தைக் காண்பது அரிது. செய்தி எழுதுகிறவர்கள்தான் தாமதித்தார்கள்.

அவர்களுள் முந்திக்கொண்டவற்றில் ஒன்று நியூயோர்க் ரைம்ஸ். வீட்டை வாங்குவதா, வாடகைக்கு இருப்பதா என்ற கேள்விக்கு அது 2007இல் ஒரு கணிப்பானை வெளியிட்டது, 2014இல் புதுப்பித்தது, 2024இல் மறுபடியும் திருத்தியது. ‘வீடு வாங்குவதே புத்திசாலித்தனம்’ என்று எழுதும் பத்தியாளர் எத்தனையோ ஊகங்களை மனதில் வைத்துக்கொண்டுதான் அதை எழுதுகிறார். வட்டி இவ்வளவு, வீட்டு விலை ஆண்டுக்கு இவ்வளவு ஏறும், இத்தனை ஆண்டுகள் அங்கேயே குடியிருப்பீர்கள் என்பன அவை. அந்தக் கணிப்பான் இவற்றையெல்லாம் வெளியே எடுத்து வைத்தது. வாசகர் ‘நான் மூன்று ஆண்டுகள்தான் இருப்பேன்’ என்று ஒரு கோலை நகர்த்தினால் விடை தலைகீழாக மாறிவிடக்கூடும். பத்தியாளருடைய கருத்து பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பது தெரிந்துவிடுகிறது.

இதை ஒரு கொள்கையாகவே எடுத்துரைத்தவர் பிரெட் விக்டர். 2011இல் அவர் எழுதிய கட்டுரையில், கலிபோர்னியாவில் 2010 நவம்பரில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டுத் தோல்வியுற்ற ஒரு யோசனையை உதாரணமாக எடுத்துக்கொண்டார். மாநிலப் பூங்காக்களைப் பேணுவதற்கு ஒவ்வொரு வாகனத்திடமும் ஆண்டுக்கு 18 டொலர் அறவிடுவது என்பதே அந்த யோசனை. அவருடைய பக்கத்தில் அந்த 18 வெறும் அச்செழுத்தன்று. அதைச் சுட்டியால் பிடித்து இழுத்து மாற்றினால், வாக்கியத்தில் அதையொட்டி வரும் மற்ற எண்களும் தாமாகவே மாறும். வாசகர் எழுத்தாளருடைய ஊகங்களோடு விளையாடிப் பார்க்க வேண்டும், வெறுமனே நம்பவோ நம்பாதிருக்கவோ கூடாது என்பது அவருடைய வாதம். படித்தபோது எனக்கு அந்த ஒப்புநோக்காளரின் பென்சில்தான் நினைவுக்கு வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தக் கருவி எங்கே மிகவும் தேவைப்படுகிறது என்றால், சதவீதம் என்ற சொல் வரும் இடங்களில்தான். 2024 ஜனவரி 1ஆம் திகதி பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. இதை ‘3 சதவீத அதிகரிப்பு’ என்று எழுதலாமா? உயர்ந்தது 3 சதவீதப் புள்ளி. வரியை மாத்திரம் எடுத்துக்கொண்டால் அது 20 சதவீதம் கூடிவிட்டது. ஏற்கெனவே அந்த வரிக்கு உட்பட்டிருந்து 115 ரூபாவுக்கு விற்கப்பட்ட பொருள் 118 ரூபாவாவதால், வாங்குபவருக்கு விலையில் ஏற்படும் உயர்வு 2.6 சதவீதம். ஒரே மாற்றத்துக்கு 3, 20, 2.6 என்று மூன்று எண்கள்! மூன்றும் சரியானவை. அரசாங்கத்தை ஆதரிப்பவர் ஒன்றை எடுப்பார், எதிர்ப்பவர் இன்னொன்றை எடுப்பார். முன்னர் வரிவிலக்குப் பெற்றிருந்து அன்று முதல் வரிக்குள் கொண்டுவரப்பட்ட பொருட்களின் கணக்கோ முற்றிலும் வேறு. இரண்டு பெட்டிகள் கொண்ட சிறிய கணிப்பான் ஒன்று அந்தச் செய்தியின் அடியில் இருந்திருந்தால் வாசகர் தம் கடைச் சிட்டையை வைத்துக்கொண்டு தாமே பார்த்திருப்பார்.

ஆனால் நான் சொல்ல வந்தது வரியைப் பற்றியன்று. மலையகத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தைப் பற்றி.

2021 மார்ச்சில் அந்தச் சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. பல ஆண்டுப் போராட்டத்தின் பின் கிடைத்த தொகை அது. அடுத்த ஆண்டு நாடு வங்குரோத்தானது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் மாத்திரம் 94.9 சதவீதம். அதாவது, ஓராண்டுக்கு முன் 1000 ரூபாவுக்கு வாங்கிய பொருட்களுக்கு 1698 ரூபா வேண்டும். உணவென்றால் 1949 ரூபா வேண்டும். சம்பளமோ அப்போதும் 1000 ரூபாவாகவே இருந்தது. அந்தத் தாளைத் திருப்பிப் பிடித்துச் சொன்னால், கையிலிருந்த 1000 ரூபாவின் பெறுமதி, ஓராண்டுக்கு முந்திய விலையில், 589 ரூபா. உணவை மாத்திரம் வாங்கினால் 513 ரூபா.

அதற்குப் பிறகு, 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாக இறங்கிற்று. இந்த இடத்தில்தான் எழுதுபவரும் படிப்பவரும் ஒன்றாக வழுக்கி விழுவார்கள். 69.8 என்பது 1.3 ஆகிவிட்டது என்றதும் விலைவாசி இறங்கிவிட்டது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. இறங்கியது விலையன்று, விலை ஏறும் வேகம். மலையேறிய பேருந்து உச்சியில் நின்றுவிட்டது என்பதற்காக அது அடிவாரத்துக்குத் திரும்பிவிட்டதாகக் கொள்ளலாமா?

2024 மே தினத்தன்று அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கொட்டகலையில் 1700 ரூபாச் சம்பளத்தை அறிவித்தார். தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன; இடைக்காலத் தடை வந்தது. செப்டெம்பரில் 1350 ரூபாவை நாட்சம்பளமாக நிர்ணயித்து வர்த்தமானி வெளியாயிற்று. மேலதிகமாகப் பறிக்கும் கொழுந்துக்கான கொடுப்பனவு வேறு கணக்கு. 1000 ரூபா 1350 ஆயிற்று; ஆகவே 35 சதவீத உயர்வு. செய்தியில் எழுதுவதற்கு இதைவிட வசதியான எண் கிடையாது. கூட்டல் பிழையும் இல்லை, கழித்தல் பிழையும் இல்லை.

இப்போது அந்த வரியின் பக்கத்தில் ஒரு கணிப்பான் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதற் பெட்டியில் பழைய சம்பளம் 1000. இரண்டாவதில் புதிய சம்பளம் 1350. அடுத்த மூன்று பெட்டிகளில் ஒவ்வொரு செப்டெம்பரிலும் அறிவிக்கப்பட்ட பணவீக்கம்: 2022இல் 69.8, 2023இல் 1.3, 2024இல் மைனஸ் 0.5. (இவற்றுள் முதலாவது 2013ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட பழைய சுட்டெண்ணிலிருந்தும், மற்றவை 2021ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய சுட்டெண்ணிலிருந்தும் வருகின்றன. அதையும் அங்கே ஒரு வரியில் எழுதத்தான் வேண்டும்.) சதவீதங்களைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும்: 1.698ஐ 1.013ஆலும் 0.995ஆலும் பெருக்கினால் 1.711 வரும். 2021 செப்டெம்பரில் 1000 ரூபாவுக்கு வாங்கியதை 2024 செப்டெம்பரில் வாங்குவதற்கு 1711 ரூபா தேவை. புதிதாகக் கிடைத்த 1350 ரூபாவின் பெறுமதி, பழைய விலையில், 789 ரூபா.

‘35 சதவீத உயர்வு’ என்று எழுதப்பட்டது உண்மையில் 21 சதவீத வீழ்ச்சி.

அதே பெட்டியில் 1350ஐ அழித்துவிட்டு 1700ஐ இட்டுப் பாருங்கள். விடை 993. ‘எழுபது சதவீதமா, இது அடுக்குமா?’ என்று கம்பனிகள் தரப்பில் கேட்கக்கூடிய அந்தத் தொகை, மூன்று ஆண்டுக்கு முந்திய சம்பளத்தை ஏறக்குறைய இருந்த இடத்தில் நிறுத்தியிருக்கும். அவ்வளவுதான். நான் 2021 செப்டெம்பரைத் தொடக்கமாக எடுத்தது கணக்கின் வசதிக்காக. சம்பளம் நிர்ணயிக்கப்பட்ட மார்ச்சிலிருந்து தொடங்கினால் இழப்பு இன்னும் சற்றுக் கூடும்; ஏனெனில் அந்த ஆறு மாதத்திலும் விலைகள் ஏறின. இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டியதில்லை. கைத்தொலைபேசியிலுள்ள கணிப்பானே போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கணிப்பான் நடுநிலையான பண்டமன்று. எந்தப் பெட்டியைத் திறந்து வைப்பது, எதைப் பூட்டி வைப்பது என்பதை எழுதுபவரே தீர்மானிக்கிறார். மேலே நான் பயன்படுத்தியது கொழும்பு நகர நுகர்வோரின் சுட்டெண். ஹற்றனுக்கும் பதுளைக்கும் அது எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை எடுத்தால் 2022 செப்டெம்பரின் பணவீக்கம் 73.7 சதவீதம், 1000 ரூபாவின் பெறுமதி 576 ஆகிவிடும். வருமானத்தில் பெரும்பகுதியை அரிசிக்கும் மாவுக்கும் கொடுக்கும் லயன் வீட்டுக் குடும்பத்துக்கு உணவுச் சுட்டெண்ணே உண்மைக்கு நெருக்கமானது என்று வாதிடலாம். ஆகவே நல்ல கணிப்பானில் எந்தச் சுட்டெண் என்று தெரிவுசெய்யும் பட்டியலும் இருக்க வேண்டும். அதை மறைத்துவிட்டு ஒரே விடையைக் காட்டும் கணிப்பான், பழைய முதற்பக்கச் செய்தியைவிட மோசமானது. இயந்திரம் சொல்கிறது என்ற மரியாதை அதற்குக் கிடைத்துவிடும் அல்லவா? (இயந்திரத்தின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். ஜாவாஸ்கிரிப்டிடம் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று விடை தரும். பின்னங்களை இரண்டின் அடிமானத்தில் சேமிப்பதால் வரும் கோளாறு இது. நிரல் எழுதுபவர் அதை ஒழுங்காக மட்டந்தட்டிக் காட்ட வேண்டும்.)

கணக்கைத் திறந்து வைப்பதால் என்ன பயன் என்பதற்குப் பொருளியல் உலகில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. ஹார்வார்ட் பேராசிரியர்களான கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரொகோஃப் இருவரும் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரச கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது அது. அரசாங்கச் செலவை வெட்ட வேண்டும் என்று வாதிட்ட அரசியல்வாதிகள் பலர் அதை மேற்கோள் காட்டினார்கள். தோமஸ் ஹேர்ண்டன் என்ற மசாசூசெற்ஸ் பல்கலைக்கழகப் பட்டப்பின் மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பச் செய்ய முயன்றார், விடை வரவில்லை. கேட்டபோது பேராசிரியர்கள் தங்கள் எக்செல் விரிதாளை அனுப்பிவைத்தார்கள். சராசரி எடுத்த வரியில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுத் தரவுகளைச் சேர்க்காததும், நாடுகளுக்குக் கொடுத்த நிறையும் விடையை அதைவிடப் பெரிதாக மாற்றியிருந்தன. 2013இல் ஹேர்ண்டனும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் வெளியிட்ட விடை 2.2 சதவீதம். மூன்று ஆண்டுகளாக உலகம் அந்த எண்ணை வாதித்தது; கலத்தைத் திறந்து பார்த்தவர் ஒரு மாணவர். பேராசிரியர்கள் விரிதாளை அனுப்பிவைத்ததை நான் குறைத்து மதிக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் அனுப்புவோம்?

தமிழிலே இதைச் செய்யும்போது நமக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. இலங்கையில் ஆங்கில அறிக்கைகள் மில்லியனிலும் பில்லியனிலும் வரும். வாசகர் இலட்சத்திலும் கோடியிலும் நினைப்பார். பத்து இலட்சம் ஒரு மில்லியன். நூறு கோடி ஒரு பில்லியன். இலட்சம் கோடி ஒரு திரில்லியன். 2.5 பில்லியனை அவசரத்தில் 25 கோடி என்று எழுதிவிட்டால் பத்தில் ஒன்பது பங்கு காணாமற் போய்விடும். அது 250 கோடி. வரவுசெலவுத் திட்ட நாள் இரவில் மொழிபெயர்ப்பு மேசையில் இருந்தவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். தமிழ்க் கணிப்பான் எதுவானாலும் இரண்டு முறையிலும் எண்ணை ஏற்று, இரண்டு முறையிலும் விடை காட்ட வேண்டும். கனடாவில் இருப்பவரும் கிளிநொச்சியில் இருப்பவரும் ஒரே செய்தியைத்தான் படிக்கிறார்கள்.

இன்னொன்று. இணையத்தில் எதுவும் நிலைக்கும் என்று எண்ணாதீர்கள். ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசெம்பர் 31ஆம் திகதியுடன் நிறுத்தியபோது, அதை நம்பிச் செய்யப்பட்ட எத்தனையோ ஊடாட்ட வரைபடங்கள் வெற்றுப் பெட்டிகளாயின. ஆகவே கணிப்பானை வைத்தாலும் கணக்கின் படிகளை வாக்கியத்திலும் எழுதிவிட வேண்டும். கருவி பழுதானாலும் 1350ஐ 1.711ஆல் வகுத்தோம் என்ற செய்தி தாளிலோ திரையிலோ மிஞ்சியிருக்கும்.

இவ்வளவு சிரமப்பட்டு வைத்தால் யார் தொட்டுப் பார்ப்பார்கள் என்று இளம் நண்பர்கள் கேட்கிறார்கள். நூற்றில் ஒருவர் தொடுவார் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒருவர்தான் தொலைபேசி எடுக்கப் போகிறவர். அதைவிட, பெட்டிகளை அமைக்க உட்காரும்போதே எழுதுபவருக்குத் தம் கணக்கில் எது தரவு, எது ஊகம் என்று பிரித்தாக வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. பெட்டிக்குள் போட எண் இல்லாவிட்டால் அந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

மேற்சொன்ன சம்பளக் கணிப்பானிலும் அப்படியொரு பெட்டியை நான் இன்னும் வைக்கவில்லை. நாட்சம்பளத்தை மாத வருமானமாக்குவதற்கு மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கப்பட்டது என்று தெரிய வேண்டும். 25 நாளென்றால் 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கான 8 சதவீதத்தைக் கழித்தால் 31,050. 18 நாளென்றால் 24,300, கழித்தபின் 22,356. கொழும்பிலிருந்து எழுதுபவர் அந்தப் பெட்டியில் 25 என்று தாமாகவே போட்டுவிட்டுப் போகக் கூடாது. அதை வெறுமையாக விட்டுவைத்தால், செக்றோலில் பெயருள்ளவர் தமது சம்பளச் சிட்டையைப் பார்த்து நிரப்பிக்கொள்வார்.